திரும்பி வந்த ஏழு கல் தோடு

1981 ஜூலை 8, புதன்கிழமை, காலை பத்தேகால் மணி. திருவண்ணாமலை தேரடி வீதி நகைக்கடையின் உள்ளறையில் அம்மா தன் காதுகளிலிருந்து ஏழு கல் வைரத் தோட்டைக் கழற்றினாள். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கழற்றாத திருகு. கடைக்காரர் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்த பிறகே அசைந்தது. துளை தூர்ந்துவிடாமல் இருக்க, இரண்டு வேப்பங்குச்சிகளை ஒடித்துச் செருகிக்கொண்டாள்.

சென்னையில் தமிழ் எம்.ஏ. படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. கட்டணம் செலுத்தக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அதே வெள்ளி மாலை, ஆடி பிறப்பதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று, மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். இரண்டு வரன்களை நான் ஏற்கெனவே மறுத்திருந்தேன். படிப்புக்குப் பணம் இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார். பணம் இருந்தால் மறுக்க அவரிடம் வேறு காரணம் இல்லை என்பது அம்மாவின் கணக்கு. அவர் அலுவலக வேலையாக வேலூர் போயிருந்தார். மறுநாள் முதல் பேருந்தில் திரும்புவார். “வித்துட்டு அப்புறம் சொல்லிக்கலாம். திட்டுவாரு, திட்டட்டும்” என்றாள் அம்மா.

கடைக்காரர் தோட்டைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “புளூ ஜாகர் கல்லும்மா, நீல ஒளி அடிக்கிற ஒசந்த ரகம். நீரோட்டம் நல்லா இருக்குது. இதைக் குடுத்துட்டு வேற நகை எடுத்துக்குங்க, தாராளமா போட்டுத் தர்றேன். காசாதான் வேணும்னா பாதி கூடத் தேறாது.”

வாங்கும்போது ஏறிக்கொண்டே போகும் விலை, விற்கும்போது ஏன் பாதியாகிறது என்று கேட்டேன். அன்று கடையில் நான் பேசிய ஒரே வாக்கியம் அது.

“பொண்ணு பேசும் போலிருக்கே” என்றார் அவர்.

“காலேஜ் போறா இல்ல, வாயி அங்கதான் இருக்குது” என்றாள் அம்மா.

அவர் மறைக்காமல் சொன்னார். “பூமியில கல்லு கம்மின்னு நெனைக்கிறீங்களா? ஜாஸ்திம்மா. வெளிநாட்டுல ஒரே கம்பெனிக்காரன் எல்லாத்தையும் வாங்கிப் பூட்டி வச்சிருக்கான். இவ்ளோதான்னு அளந்து அளந்து விடுவான். யாவாரி போய் உக்காந்தா ஒரு பெட்டியை நீட்டுவானாம். மொத்தமா எடுக்கணும். பொறுக்கக் கூடாது, பேரம் கூடாது. வேணாம்னு எழுந்துடலாம். ரெண்டு வாட்டி எழுந்தா மூணாவது வாட்டி கூப்பிட மாட்டான்.”

“நம்ம கல்யாணத் தரகர் மாதிரியே இருக்குதே” என்றாள் அம்மா. அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

“அவன் பூட்டி வச்சா மட்டும் போதாதும்மா. வித்த கல்லு திரும்பி வராம இருக்கணும். வந்துட்டா விலை நிக்காது. அதான் வைரத்தை விக்கக் கூடாது, பொண்ணுக்குப் பொண்ணு போகணும்னு சொல்றது. யாவாரத்துக்கு நாங்களும் அதையேதான் சொல்றோம்.”

எங்கள் முகத்தைப் பார்த்து இரங்கினாரோ என்னவோ, முன்கடைக்குப் போய் ஒரு தம்பதியை அழைத்து வந்தார். கீழ்பென்னாத்தூரில் நிலம் வைத்திருப்பவர்கள்; மகளின் ஆவணிக் கல்யாணத்துக்குத் தோடு தேடி, புதுக்கல்லின் விலை கேட்டு மலைத்து உட்கார்ந்திருந்தவர்கள். கடை விலைக்குக் குறைவாகவும், அம்மாவுக்குப் பாதிக்கு மேலாகவும் ஒரு தொகை பேசி முடிந்தது. என் இரண்டு ஆண்டுகளுக்கு அது போதும். ஆனால் வைரத்தை, தோஷம் உண்டா என்று ஒரு ராத்திரியாவது வீட்டில் வைத்துப் பார்க்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் வாங்குவதில்லை. அந்த அம்மாள் எங்கள் வீட்டு விலாசத்தைக் கேட்டாள். எத்தனை பிள்ளைகள், எல்லாம் தங்கியதா, வீட்டுக்காரருக்கு உடம்பு எப்படி என்றும் கேட்டாள். கல்லுக்காகக் கேட்ட கேள்விகளுக்கு அம்மா ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். கடைக்காரரின் பொறுப்பில், மஞ்சள் துணியில் முடிந்து தோடு பேருந்தேறியது.

மாலை ஐந்து மணிக்கு அந்தத் தம்பதி எங்கள் வாசலில் நின்றார்கள்.

“தப்பா நெனைக்காதீங்கக்கா. முடிச்சை சாமிகிட்ட வச்சுட்டுத் திரும்பறேன், கெணத்து மோட்டாரு பொகையுதுன்னு ஆள் ஓடியாறான்.”

“அந்த மோட்டாரு போன வருசமே ரெண்டு வாட்டி எரிஞ்சதுதானே” என்றார் கணவர்.

“நீங்க கம்முனு இருங்க. அப்பல்லாம் வைரம் வந்துச்சா வீட்டுக்கு?” அவள் மஞ்சள் முடிச்சை என் கையில் வைத்தாள், அம்மாவின் கையில் வைக்கவில்லை. “உங்களை ஒண்ணும் குத்தம் சொல்லலைக்கா. கடையிலயும் சொல்லிட்டுத்தான் வர்றோம்.”

கடையில் என்றால், மாலைக் கூட்டத்தின் முன்னால் என்று பொருள். இனி இந்த ஊரில் அந்தத் தோட்டை வாங்க ஆள் கிடையாது. எங்கோ கல்லைப் பூட்டி வைத்திருந்தவனுக்கு எங்கள் மாவட்டத்தில் ஆள் வைக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பழைய மோட்டாரும் ஒரு தாயின் பயமும் சம்பளம் இல்லாமல் அந்த வேலையைச் செய்து முடித்தன.

அவர்கள் போனபின், தோட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அம்மா கையை நீட்டவில்லை.

“வேணாம். அங்க வை.”

“இருபத்திரண்டு வருஷமா போட்டிருந்ததுதானேம்மா?”

“அப்ப எனக்குத் தெரியாதுல்ல.”

“இப்ப என்ன தெரிஞ்சுது?”

அம்மா விளக்கேற்ற எழுந்து போனாள். என் தம்பி பிறந்து பதினொரு நாளில் இறந்ததை அவள் காலையில் அந்த அம்மாளிடம் சொல்லாமல் விட்டிருந்தாள். அதைத்தான் நினைக்கிறாள் என்று புரிந்தது. தோட்டில் தோஷமில்லை என்று நான் வாதாடலாம். ஆனால் எந்த வாதத்தைச் சொன்னாலும் அந்தக் குழந்தையைத் தொட்டுவிட்டுத்தான் அது திரும்பி வரும். அதோடு, காலையில் அப்பா வருவார். குச்சி செருகிய காதுகளைப் பார்ப்பார். ஏன் என்று கேட்பார், அந்தக் குழந்தையின் பேச்சு மறுபடி வரும்.

மறுநாள் காலை, வாசல் தெளிக்கும் முன்பே முடிச்சை அவிழ்த்தேன். என் காதுகளில் இருந்த சிறிய கம்மல்களைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன்; அவள் குச்சிகளை எடுத்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். வைரத் தோட்டை நான் திருகிக்கொண்டேன். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. ஆறரை மணிக்கு அப்பா வந்தார். என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“ஆசையாக் கேட்டா, குடுத்தேன்” என்றாள் அம்மா.

நெடுநாளாகக் காணாத மலர்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. “நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரும்போதும் இதையே போட்டுக்கம்மா. கழட்டிடாத” என்றார்.

சரிப்பா என்று சொல்லிவிட்டு, அவருக்குக் காப்பி கலக்கப் போனேன்.