ஒரே நாளில் இரண்டு ஊர்

தார்நாகா சிக்னலைத் தாண்டும்போதுதான் என் லைசென்ஸ் முதலாளியின் மேசை டிராயரில் கிடப்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கியவன் நான். எங்கே போனேன் என்று இந்நேரம் தேடத் தொடங்கியிருப்பார்கள். போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மெட்டுகூடா பக்கம் நடந்தேன். நடந்து போகிறவனைக் கேமரா பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் சிக்னல் வந்தபோதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த முதலாளி அரசு அலுவலகங்களுக்கு வாடகைக் கார் விடுகிறவர். மூன்று தலைமுறையாகச் சிகந்திராபாத்தில் இருக்கும் தமிழர். வேலைக்குச் சேரும் டிரைவரின் லைசென்ஸை முதல் நாளே வாங்கி டிராயரில் வைத்துவிடுவார். நான் ஓட்டியது ஒரு பெரிய அதிகாரியின் வெள்ளைக் கார். முன்கண்ணாடியில் அரசுப் பணி என்ற பலகை இருக்கும். அந்த ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டி போன ஊரும் தூரமும் எழுதும் லாக் புக்கின் எல்லாப் பக்கங்களிலும் மாதத் தொடக்கத்திலேயே அதிகாரி வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். போகாத ஊருக்கும் பயணப்படி வாங்குவதற்காக, எந்த நாளுக்கு எந்த ஊர் என்று மாதக் கடைசியில் கிளார்க் சொல்லச் சொல்ல நான் நிரப்ப வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவன். இங்கிலீஷில் ஊர்ப் பெயர் எழுதத் தெரியாது. கிளார்க் துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பதைப் பார்த்து, கோலம் போடுவதுபோல ஒவ்வோர் எழுத்தாக வரைவேன். முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆதிலாபாத்துக்கு நான் போனதே இல்லை. அந்த எழுத்துகளை மட்டும் பார்க்காமலே வரைவேன்.

இந்த வருடம் பயணச் செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. பழைய லாக் புக்குகளைப் பார்க்க ஓர் ஆடிட் அம்மாள் வந்தார். சத்தம் போடாத மனுஷி. நான் நழுவி வந்த அன்று காலை என்னைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஆதிலாபாத், இரண்டு நாள் வெளியூர் கேம்ப் என்று என் கையால் எழுதியிருந்தது. அதே பக்கத்தில் பின் அடித்து ஒரு சலான் ரசீது. அதே தேதி, மத்தியானம், தார்நாகா சிக்னலில் வெள்ளைக் கோட்டைத் தாண்டியதற்கு அபராதம். படத்தில் காரும் பலகையும் என் முகமும் தெளிவாக இருந்தன. ஒரே நாளில் இரண்டு ஊரில் எப்படி இருந்தாய் என்று தெலுங்கில் கேட்டார்.

சலான் விழுந்த அன்று அதிகாரியின் மாமியாரை இதே ஊரில் கொண்டாப்பூரில் அவருடைய இன்னொரு மகள் வீட்டில் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன். ரசீதைப் பின் அடித்ததும் நான்தான். அந்தந்த நாள் பக்கத்திலேயே ரசீது இருந்தால்தான் அபராதப் பணத்தை முதலாளி தருவார், இல்லாவிட்டால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். அதனால் ரசீது வந்ததுமே ஒழுங்காகப் பின் அடித்து வைத்தேன். மாதக் கடைசியில் அதே பக்கத்தில் ஆதிலாபாத்தை வரைந்தபோது ரசீது கண்ணில் பட்டது. ஒன்றும் தோன்றவில்லை.

அம்மாள் கேட்டதைக் கிளார்க் முதலாளிக்குச் சொல்லிவிட்டான். மத்தியானம் முதலாளி தன் ஆபீசுக்கு வரச் சொன்னார். டைப் அடித்த தாள் ஒன்று மேசைமேல் தயாராக இருந்தது. முழுக்க இங்கிலீஷ்.

"என்னண்ணே எழுதியிருக்கு?"

"நீயா வண்டிய எடுத்துட்டுப் போயிட்டே, நீயா கேம்ப்னு எழுதிட்டே, ஆபீசருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதியிருக்கு. சைன் போடு, அவ்ளோதான்."

"போலீஸ் கேஸ் ஆயிடுமேண்ணே."

"அதெல்லாம் நக்கோ, ஒண்ணும் ஆகாது. எதுக்குப் பயப்படுறே? ஆதிலாபாத்த அவ்ளோ அழகா எழுதுனவன், பேர எழுத மாட்டியா?"

அதிகாரியின் ஆபீசிலிருந்து வந்து பக்கத்தில் நின்ற கிளார்க் சிரித்தான். பேனாவைத் திறந்து என் விரல்களுக்கு நடுவே அவனே வைத்தான். ஜெயிலுக்குப் போய் வந்த ஒருவனோடு முன்பு ஒரே அறையில் தங்கியிருக்கிறேன். தூக்கத்தில் அவன் எழுந்து உட்கார்ந்து தன் பெயரைச் சொல்லுவான். அதுதான் நினைவுக்கு வந்தது. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து போடுகிறேன் என்றேன்.

மெட்டுகூடா தாண்டிப் பாலாநகர் வரை நடந்தேன். பின்னால் எந்த வண்டி வேகம் குறைத்தாலும் கடை ஓரமாக ஒதுங்கினேன். இருட்டும்போது ஜீடிமெட்லா போய்ச் சேர்ந்து, முன்பு கூட வேலை பார்த்த ஒருவரின் அறையில் படுத்தேன். லைசென்ஸைத் திரும்ப வாங்க வேண்டுமானால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இனி டிரைவர் வேலை இல்லை என்று அங்கேதான் புரிந்தது.

மறுநாள் காலை ஒரு மருந்துக் கம்பெனி வாசலில் பேரல் உருட்ட ஆள் எடுத்தார்கள். வண்டி ஓட்டத் தெரியுமா என்று சூப்பர்வைசர் கேட்டார். தெரியாது என்றேன். கையெழுத்து? அதுவும் தெரியாது என்றேன். மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். பெருவிரலை அழுத்திவிட்டுப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். சாயங்காலம் வரை உருட்டினேன். கேட்டில் வெள்ளைக் கார் நுழையும்போதெல்லாம் பேரலுக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்று உருட்டினேன்.