ஐந்தும் விழ வேண்டும்

கடலடி மணலில் வாழும், காசுபோல் வட்டமான பிராணி மணல் டாலர். அதன் ஓடு ஒன்றை வைலீன் டிரிகர்ஸ் கையில் கொடுத்தால் போதும். காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கி, அது நன்றாகக் காய்ந்ததா, அரைகுறையா என்று சொல்லிவிடுவாள். மல்லட் பெண்ட் என்ற எங்கள் ஊரில், நெடுஞ்சாலை திரும்பும் இடத்துச் சிப்பிக் கடையில் நாற்பது வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. கரையில் செத்து ஒதுங்கியதை வாளி வாளியாக நல்ல தண்ணீரில் ஊறப்போடுவாள். சதை அழுகிக் கழன்று, தண்ணீர் பழுப்பாவது நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருப்பாள். பிறகு ஒரு பிளீச்சிங் முக்கு, மூன்று நாள் வெயில். அவள் விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து போய் வெகுநாளாகிறது.

வடக்கிலிருந்து காரில் வந்து இறங்குகிறவர்களுக்குக் கதை சொல்வதும் அவள்தான். ஐந்து துவாரமும் ஏசுவின் ஐந்து காயம். மேலே இதழ் இதழாக இருப்பது ஈஸ்டர் லில்லி. நடுவில் பெத்லகேம் நட்சத்திரம். உடைத்தால் உள்ளேயிருந்து ஐந்து வெள்ளைப் புறாக்கள் விழும். அவை அந்தப் பிராணியின் பற்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. "பல்லுன்னு சொன்னா எவன் வாங்குவான்?" என்பாள், கல்லாவில் இருக்கும் நாத்தனார் நெட்டியிடம்.

இத்தனை விவரம் தெரிந்தவள்தான் அந்த டிசம்பரில் அப்படி ஒரு காரியம் செய்தாள்.

அக்டோபர் புயலில் அவள் மகன் டெல்மர் போன இறால் படகு கவிழ்ந்துவிட்டது. மூன்றாம் நாள் திட்டில் தட்டிக் கிடந்தது படகு. கேப்டனின் உடல் உள்ளேயே இருந்தது. டெல்மர் இல்லை. முப்பத்து நான்கு வயது, ஒல்லிப்பிச்சான், ஊதினால் பறக்கிற உடம்பு. குஞ்சு மணல் டாலர்கள் நீரோட்டம் அடித்துக்கொண்டு போகாமலிருக்கக் கனமான கருமணலைத் தேடி விழுங்கும். அதைச் சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் அவனை வம்புக்கு இழுப்பாள்.

"ரெண்டு பிடி கருமணல முழுங்கிட்டுப் போடா. காத்து தூக்கிட்டுப் போயிடப் போகுது."

"நீ சுட்ட பிஸ்கட் ரொட்டி நாலு தின்னுருக்கேம்மா. அதுக்கு மேல கனம் எதுக்கு?"

அதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. இப்போது கடையில் யாராவது கனம் என்று சொன்னால் அவள் எழுந்து வாளிப் பக்கம் போய்விடுவாள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில், கடலில் இருப்பவர்களின் பெயர்களைப் பாஸ்டர் ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒருவர் இறந்துபோனால், வீட்டுப் பெண் ஒரு மணல் டாலரைக் கொண்டுவர வேண்டும். அதை வெள்ளைத் துணிமேல் உடைப்பார்கள். நான்கு புறா சொந்தக்காரர்களுக்கு, ஐந்தாவது கல்லறைக்கு. உடல் கிடைக்காதவருக்கு ஐந்தாவதைப் படகுத்துறையிலிருந்து கடலில் போடுவார்கள். அன்றோடு பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். ஐந்தும் விழாவிட்டால் ஆள் இன்னும் போகவில்லை என்று கணக்கு. பெயரை எடுக்க மாட்டார்கள். புருஷன் லாமர் செத்தபோது வைலீன் பன்னிரண்டைக் குலுக்கிப் பார்த்து, கலகலவென்று சத்தம் வந்த ஒன்றை எடுத்துப் போனாள்.

எட்டாவது வாரம் பாஸ்டர் டூலி வீட்டுக்கே வந்துவிட்டார். தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே பேசினார்.

"இன்னும் எத்தனை நாளும்மா அவன் பேர வாசிக்கிறது? கேப்டன் பொண்டாட்டி அங்கதான உக்காந்திருக்கா. அவ முகத்தப் பாக்க முடியல. வர்ற சனிக்கிழமை உடைச்சிரலாம்."

"உடைங்க. கொண்டாறேன்" என்றாள் வைலீன். அவள் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததில் அவருக்கே ஆச்சரியம்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வற்றிய நேரம் பார்த்து, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணல்திட்டுக்கு நடந்தாள். காலால் துழாவினாள். பாதத்தின் கீழே ஒன்று தட்டுப்பட்டது. உயிருள்ளது வெள்ளையாக இருக்காது. பழுப்பாக, வெல்வெட் துணிபோல் நுண்ணிய முட்களோடு இருக்கும். கையில் வைத்தபோது அந்த முட்கள் எல்லாம் அசைந்தன, மணலுக்குள் இறங்கப் பார்த்தன. உள்ளங்கையில் மஞ்சள் கறை படிந்தது. உயிருள்ளதை எடுக்கவே கூடாது என்று கடைக்கு வருகிறவர்களை எத்தனை முறை திட்டியிருக்கிறாள்!

வீட்டுக்கு வந்து பிளீச்சில் போட்டாள். முட்கள் அசைவது நின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேல்புறம் வெளுத்தது. ரொட்டி சுடும் அடுப்பில் சூட்டைக் குறைத்து, உள்ளே வைத்து மேலே மட்டும் காயவைத்தாள். உள்ளே சதை அப்படியே பற்களைப் பிடித்துக்கொண்டிருக்கும், ஒன்றும் விழாது. உயிரோடிருந்த ஒன்றைக் கொன்று, தன் பிள்ளை உயிரோடிருக்கிறான் என்று அதைச் சொல்லவைக்கப் பார்த்தாள் அந்தப் பாவி மகள். அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை பாஸ்டர் உடைத்தார். சத்தமே இல்லை. ஒரு புறாவும் விழவில்லை. ஐந்து பற்களும் நடுவில் ஒன்றாகக் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. வெள்ளைத் துணியில் பச்சையாகத் தண்ணீர் கசிந்தது, நாற்றம் முன்வரிசைவரை வந்தது. பாஸ்டர் துணியை மடித்து வைலீன் கையில் கொடுத்துவிட்டு, "பேரு இருக்கட்டும்" என்றார்.

வெளியே கார் அருகில் நெட்டி அவள் முழங்கையைப் பிடித்தாள். "அண்ணி, அது நேத்து உசுரோட இருந்ததுதானே?"

"ஆமா."

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அந்தக் கடையில நானுந்தான் இருவது வருஷம் குப்ப கொட்டறேன்."

"தெரியும். சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன்" என்ற நெட்டி, கைக்குட்டையை எடுத்து அண்ணியின் உள்ளங்கை மஞ்சளைத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

மறுநாள் ஞாயிறு, பட்டியலில் டெல்மர் பெயர் வந்தது. அதைக் கேட்கத்தான் இத்தனையும் செய்தாள். ஆனால் பாஸ்டர் அந்தப் பெயருக்கு வந்தபோது கண்ணைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. கேப்டனின் மனைவி எழுந்து வெளியே போனாள். அந்தப் பெயர் வைலீனுக்கு ஆறுதலாக நெஞ்சில் இறங்கவில்லை.

பற்கள் ஒட்டியிருந்த நடுத்துண்டைச் சமையலறை ஜன்னலில் ஒரு சாசரில் வைத்திருந்தாள். காய்ந்தால்தானே பிரியும்? காயவிடக் கூடாது என்று காலையும் மாலையும் குழாய்த் தண்ணீரை ஒரு கரண்டி அதன்மேல் ஊற்றினாள். காப்பி போடும்போது ஒரு கரண்டி, கடையிலிருந்து வந்ததும் ஒரு கரண்டி. கிறிஸ்துமஸ் கூட்டத்தில் கால் கடுக்க நின்று வந்த நாளிலும் அதை மறக்கவில்லை. நாற்றத்துக்கு ஜன்னலைத் திறந்து வைத்தாள், அவ்வளவுதான்.

பதினோராம் நாள் காலை கரண்டியோடு போனாள். சாசரில் பழுப்புத் தண்ணீர். அதில் ஐந்தும் தனித்தனியாகக் கிடந்தன, சுத்தமாக, இறக்கை விரித்து.

அவள் கரண்டியை வைக்கவில்லை. பழுப்புத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பது வருஷம் வாளி வாளியாகத் தான் செய்த அதே வேலை. நல்ல தண்ணீர் ஊற்றி, சதையை அழுகவிட்டு, கழற்றி எடுக்கும் வேலை. அதைத் தன் கையாலேயே, வேளை தவறாமல், தன் பிள்ளைக்கும் செய்து முடித்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து நெட்டிக்குப் போன் செய்தாள்.

"விழுந்துருச்சு."

"எது அண்ணி?"

"அஞ்சும்."

அந்தப் பக்கம் நெட்டி அழுவது கேட்டது. வைலீன் பழுப்புத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, பழக்கம் விடாமல், சாசரில் புதுத் தண்ணீர் பிடித்தாள்.