கலப்படமில்லாத எண்ணெய்

மச்சான் மஞ்சள் மூட்டை அடுக்கும் கொட்டகையில் அந்தக் காரை நான் முதலில் பார்த்தபோது பின் சீட்டில் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. மாமனார் வாங்கிய சீமைக் கார். அவர் போன பிறகு யாரும் தொடவில்லை. நான்கு டயரும் மண்ணோடு மண்ணாகிக் கிடந்தன. மச்சான் கோழியை முட்டையோடு ஒரு கூடைக்கு மாற்றிவிட்டுக் கேட்டார். "மாப்ள, தைக்குள்ள இது ஓடுமாங்க?" நான் நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் பிட்டர். பானெட்டைத் திறந்து பார்த்தேன். "ஓட்டிரலாமுங்க" என்றேன். எழுபதுகளின் கடைசி, ஐப்பசி மாதம்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். வெண்ணந்தூர்ப் பக்கம் தோட்டம். எங்களில் தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான். மாமனாரும் மாமியாரும் இல்லாததால் அவளுக்குப் பிறந்த வீடு என்றால் மச்சான் வீடு. முதல் தடவை வலி எடுத்ததும் ராசிபுரம் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோனார். தடம் முழுக்கக் குழி. குழந்தை பிழைக்கவில்லை. அடுத்த வருசம் அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். இனி அந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று என் அம்மா சொல்லிவிட்டாள். மச்சான் எங்கள் வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். "கார் கொண்டாந்து நிறுத்தறேனுங்க அத்தை. அன்னைக்கு அனுப்புங்க. அதுவரைக்கும் கேக்க மாட்டேன்." தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிப் போனேன். கொட்டகைக்குக் கூரை உண்டு, சுவர் இல்லை. மார்கழிக் காற்று நேராக உள்ளே வரும். பெட்ரோல் வாடையில் தீ மூட்டவும் முடியாது. ஸ்பேனரைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். மச்சான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காரடியில் படுத்து, நான் கழற்றச் சொன்னதைக் கழற்றுவார். போல்ட்டு மறையில் துரு ஏறிக் கழலாவிட்டால் விடமாட்டார். தோல் உரிந்தாலும் விடமாட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் நின்று, "ஏனுங்க, முட்டையெல்லாம் பொரிச்சிருச்சா?" என்பார். "பொரிச்சதும் உங்களையும் ஏத்திட்டுப் போறனுங்க" என்பார் மச்சான், காரடியில் இருந்தே.

எல்லாம் கூடி வந்தது. பிரேக் ஆயில் மட்டும் கிடைக்கவில்லை. கிடைக்காத நாளில் பட்டறையில் விளக்கெண்ணெயில் பாதிக்குப் பாதி ஸ்பிரிட் கலந்து ஊற்றுவோம். அதைச் சொன்னேன். மச்சான் ஒரு தூக்குப்போசி நிறைய விளக்கெண்ணெய் கொண்டுவந்தார். "நம்ம காட்டுல வெளஞ்ச கொட்டமுத்துங்க. நானே நின்னு ஆட்டுனது. இதுல போயிக் கலப்படமா? எந்தங்கச்சி உக்கார்ற வண்டிங்க மாப்ள." வெறும் எண்ணெய் குளிரில் இறுகும் என்று எனக்குத் தெரியும். அவர் போசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மாமனார் வீட்டில் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஊற்றினேன்.

தை பிறந்து, நல்ல வெயிலில் நாமக்கல் வந்து அவளைக் கூட்டிப்போனோம். பிரேக் நன்றாகப் பிடித்தது, நன்றாக விட்டது. பிரசவம் நெருங்கியதும் நானும் லீவு போட்டுவிட்டுத் தோட்டத்தில் தங்கினேன். ஒரு விடியலில் வலி எடுத்தது. எட்டடிக்கு அப்பால் தெரியாத பனி. கொட்டகையிலிருந்து காரை எடுத்து வீட்டு முன்னால் கொண்டுவந்து பிரேக்கை அழுத்தினேன். நின்றது. அவளை ஏற்றினோம். கிளம்பினால் நகரவில்லை. அழுத்திய பெடல் மேலே வரவில்லை. நான்கு சக்கரமும் பூட்டியதுபோல் நின்றன. அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எண்ணெ இறுகிப்போச்சுங்க. சூடு வேணும்" என்றேன். மச்சான் வாளியை எடுத்துக்கொண்டு ஓடினார். களத்தில் மஞ்சள் வேகவைக்கும் கொப்பரை அப்போதுதான் கொதித்திருந்தது. வாளி வாளியாக மொண்டு வந்தார். சக்கரத்திலும் பிரேக் குழாயிலும் ஊற்றினோம். கொதிநீர் தெறித்து அவர் காலில் கொப்புளம் போட்டது. ஆறாவது வாளியில் பெடல் மெல்ல எழுந்தது. அதன்பிறகு ராசிபுரம் வரை நான் பிரேக்கில் கால் வைக்கவில்லை. கியரும் கைப்பிரேக்கும்தான். குழி தெரிந்தால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தேன். மச்சான் தலையை வெளியே நீட்டி, "இடப்பக்கம், இடப்பக்கம்" என்று பனிக்குள் வழி சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் மஞ்சள் வடியும் சக்கரங்களைப் பார்த்து, "காருக்கும் மஞ்சத்தண்ணி சீராங்க?" என்று கேட்டார். நாங்கள் அவளைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனோம். பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழுதது.

அன்று மச்சான் உறுதியாகச் சொன்னார். "கலப்படம் வேண்டாம்னது நானுங்க. தப்பு என்னுது." பிறகு எந்த விசேசத்திலும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார், தன்னைத் தானே முட்டாள் என்பார். பக்கத்தில் உட்கார்ந்து நான் வெற்றிலை மென்றுகொண்டிருப்பேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன ஐப்பசியில் மச்சான் போய்விட்டார். பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்ததும் அந்தக் கதையை யாரோ எடுத்தார்கள். விளக்கெண்ணெய் வந்த இடத்தில் சிரித்தார்கள். "அது இறுகும்னு எனக்குத் தெரியும்" என்றேன். "தெரிஞ்சேதான் ஊத்துனேன். அவரு தப்பு இல்லீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மெல்லச் சொன்னாள்.

"எங்கண்ணன் இருக்கும்போது சொல்லியிருக்கலாமுங்க மாமா."