ஸ்டேஷனில் இருந்த துப்பாக்கி

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த சவுரிமுத்து பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சேலையூரில் ஒரு வங்கிக்கு வாசல் காவல். சொந்த லைசென்ஸில் துப்பாக்கி வைத்திருப்பவருக்குத்தான் அந்த வேலை. அதனால் சாயங்காலம் அவரோடு துப்பாக்கியும் மாடியேறி வந்துவிடும்.

காஷ்மீரில் பார்த்ததைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. தீபாவளிச் சரம் வெடித்தால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிக்கொள்வார். பட்டாளத்துக்காரருக்குப் பட்டாசு பயமா என்று தெருவே சிரித்தது. சிரித்தவர்கள் வண்டலூரைத் தாண்டியிருப்பார்களா என்பதே சந்தேகம். எனக்கு எரிச்சலாக வரும்.

அவர் மனைவி தபீதாள் பள்ளிக்கூட டீச்சர். ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் தூங்கும்போது குக்கர் மூடி கைதவறி விழுந்திருக்கிறது. அவள் நிமிர்ந்தால், துப்பாக்கி அவள் நெஞ்சுக்கு நேராக இருக்கிறது. "நான்தாங்க, தபீதா" என்று சொல்லிச் சொல்லித்தான் இறக்க வைத்தாளாம். பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஞாபகமில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

டாக்டரிடம் கூட்டிப்போ என்றேன்.

"மனசு சரியில்லைன்னு டாக்டர் எழுதிட்டா லைசென்ஸ் போயிடும்க்கா. அப்புறம் வேலையும் போயிடும். வேலை இல்லாம உக்காந்தா இன்னும் மோசமாயிடுவாரு" என்றாள்.

2009 தேர்தல் வந்தது. தேர்தல் சமயத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். வங்கிக் காவலர்கள் மேனேஜர் மூலம் விலக்கு வாங்கிக்கொள்வார்கள். சவுரிமுத்து இந்த முறை அதைக் கேட்கவில்லை. தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வங்கி வாசலில் லத்தியோடு நின்றார். மாடியில் தபீதாள் சிரிக்கும் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

முடிவுகள் வந்தன. துப்பாக்கியை வாங்கி வர வேண்டும். "வேணாம்னு எப்படிக்கா சொல்றது?" என்று தவித்தவள், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஸ்டேஷனுக்கு வந்தாள்.

ஏட்டு துப்பாக்கியை எடுத்து மேசையில் வைத்தார். சவுரிமுத்து கையை நீட்டவில்லை.

"வேணாம் சார். லைசென்ஸையும் ரத்து பண்ணிடணும். என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"அப்போ வேலை?" என்றார் ஏட்டு.

"வேற பாத்துக்கறேன்."

வெளியே வந்ததும் தபீதாள் வாய்விட்டு அழுதாள். "அன்னிக்கு என்னைக் குறி வச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றார். "உன்னைச் சுட்டுடுவேன்னு நீ பயந்துட்டு இருந்தே. என் லீவு நாள்ல, நீ ஸ்கூலுக்குப் போனப்புறம், நான் அதை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன் தபீதா. உன்னைச் சுட இல்ல."

தபீதாள் நடுத்தெருவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லைசென்ஸ்தான் இனி இல்லியே" என்றார் அவர். "இப்போ டாக்டர்கிட்ட போலாமா?"