தேர் வடம்

அது யுத்த காலம். ஆவடியில் பட்டாளத்து முகாம் போட்டிருந்தார்கள். பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கார்த்திகை மாத அடைமழைக்கு நடுவில் எனக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

மாப்பிள்ளைக்கு அந்த முகாமில்தான் வேலை. கல்யாணத்துக்கு மறுநாள் விடியற்காலையில் பர்மா எல்லைக்கு ரயிலேற வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. போதாததற்கு, கிறிஸ்தவக் கல்யாணத்தை மாலை ஏழு மணிக்குள் முடித்தாக வேண்டும் என்று சட்டம் வேறு. எங்கள் சபைப் போதகரை ஐயர் என்போம். அவர் பூவிருந்தவல்லியிலிருந்து கூவம் ஆற்றைத் தாண்டி வர வேண்டும்.

மூன்று மணிக்குக் கல்யாணம். ஐந்தாகியும் ஐயரைக் காணோம். வெள்ளைப் புடவையோடு எங்கள் சபைக் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் ஜெபம் பண்ணினார்கள். எனக்கு ஜெபம் வரவில்லை, மழைமேல் கோபம்தான் வந்தது. யுத்தத்துக்குப் போகிறவர் திரும்பி வராமலே போய்விட்டால் என்ற பயம் வேறு.

ஆற்றங்கரைக்குப் போன அப்பா, அக்கரையில் ஐயர் குடையோடு நிற்பதைப் பார்த்திருக்கிறார். நடுவில் மார்பளவு வெள்ளம். ஆள் கூட்டிவர ஊருக்குள் ஓடியவரை மாதா கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் தெருவிலேயே நிறுத்தியிருக்கிறார்.

அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் புராட்டஸ்டண்ட் சபைக்காரர்கள். இருவருக்கும் இயேசுதான் ஆண்டவர். ஆனாலும் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போகமாட்டோம். அவர்கள் மாதாவைத் தேரில் வைத்து இழுப்பதை எங்கள் ஆட்கள் கேலி பேசாத நாளே கிடையாது.

"இன்னா அண்ணாத்தே, கல்யாண ஊட்ட உட்டுட்டு இப்டி ஓடியாற?" என்று கேட்டாராம் உபதேசியார்.

"ஐயரு அக்கரையில மாட்டிக்கினாரு. ஆறு ரொம்பிப் போவுது."

"அவ்ளோதான? எங்க தேர் வடம் கீது. டேய், எல்லாரும் வாங்கடா!"

மாதா தேரை இழுக்கிற அந்தப் பெரிய கயிற்றை அவிழ்த்துப் போய், இக்கரையில் பனைமரத்தில் ஒரு முனையைக் கட்டியிருக்கிறார்கள். மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு உபதேசியாரே நீந்திப் போய் அக்கரை மரத்தில் கட்டினாராம். ஐயர் வடத்தைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்க, அவருடைய அங்கியையும் வேதப் புத்தகத்தையும் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தவரும் உபதேசியார்தான்.

"வந்துட்டாரு! ஐயரு வந்துட்டாரு!" என்ற சத்தம் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. அப்படியொரு நிம்மதி!

வடம் பிடித்தவர்கள் எல்லோரும் சொட்டச் சொட்ட வெளியிலேயே நின்றார்கள். அப்பா உள்ளே கூப்பிட்டார்.

"வோணாம் அண்ணாத்தே. உங்க கோயிலுக்குள்ள வந்தா எங்களுக்குப் பாவம், அத்த எங்க சாமியாருகிட்ட சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். இங்கியே நின்னு பாத்துக்கிறோம்" என்றார் உபதேசியார்.

ஐயர் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார். "அப்போ நாம வாசலுக்குப் போயிடலாமே!"

ஆக, என் கல்யாணம் கோயில் வாசற்படியில் நடந்தது. எங்கள் ஆட்கள் உள்ளே, அவர்கள் வெளியே தூறலில். நடுவில் நாங்கள் இருவரும். இருட்டிவிட்டதால் உபதேசியார் லாந்தரைத் தூக்கிப் பிடிக்க, அந்த வெளிச்சத்தில் தாலி ஏறியது. மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஏழாகல" என்று என் காதில் சொன்னார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

போனவர் யுத்தம் முடிந்து பத்திரமாகத் திரும்பி வந்தார்.

என் கல்யாணத்துக்கு அடுத்து வந்த திருவிழாவில் மாதா தேர் எங்கள் தெருவுக்கு வந்தபோது, அப்பா மோர்ப்பானையோடு வாசலில் நின்றார். எங்கள் வழக்கப்படி நாங்கள் யாரும் தேர் இழுக்கவில்லை, இழுத்து வந்தவர்களுக்கு மோர் கொடுத்தோம். இன்றைக்கும் அந்த வடம் என் வாசலைத் தாண்டும்போது என் கை தானாகத் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது.