துரை பங்களாக் கதவு

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் தேர்வாய் கண்டிகைக்குப் போய் இம்மானுவேல் வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டு வரட்டும். கதை கட்ட எனக்கென்ன தலையெழுத்தா?

கம்பெனிகள் வருவதற்கு முன்னால் அங்கே காட்டுக்குள் ஒரு பங்களா இருந்தது. ஸ்காட்லாந்துக்காரத் துரை ஒருவர் தன் ஊர் மாளிகை மாதிரியே கட்டியது. நம் வெயிலில் குளிர்காய அடுப்புகூட வைத்தாராம் மனுஷன்! கம்பெனிகளுக்காக அதை இடித்தபோது ஒரு கல்கூட மிஞ்சவில்லை. தேக்குக் கதவுகள் மட்டும் பழைய மரக்கடைக்குப் போயின.

அதில் ஒன்றைத்தான் இம்மானுவேல் வாங்கினான். கோபித்துக்கொண்டு பொதட்டூர்பேட்டை அம்மா வீட்டுக்குப் போன மனைவி சோனியா, "சொந்த ஊடு கட்டு, வரேன்" என்று சொல்லியிருந்தாள். வீடு எழும்பிவிட்டது. கதவுதான் பாக்கி. தாழ்ப்பாள் இருந்த பக்கத்தை உள்ளே வைத்து, மறுபக்கம் அடியில் இருந்த கீறல்களைப் பட்டி பூசி மறைத்து, ஜெபம் பண்ணி மாட்டினார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தானே மாட்டுவார்கள்?

அவனுக்குக் கம்பெனியில் நைட் ஷிப்ட். பகலில் தூக்கம். பேச்சுத் துணைக்கு ஃபேன் சத்தம் மட்டும்தான். தனிமை அவனைத் தின்றது.

ஒரு மத்தியானம், மணி மூன்று.

டொக்... டொக்...

சோனியாதான் என்று ஓடினான். திறந்தால் வெறும் வெயில்.

மறுநாளும் அதே மூன்று மணி. இந்தமுறை கவனித்தான். சத்தம் முழங்கால் உயரத்தில் கேட்டது. யாரோ தரையில் உட்கார்ந்து தட்டுவதுபோல...

"யாரு?"

மரத்தில் நகம் இழுபட்டது.

சர்ர்ர்...

தாழ்ப்பாளைத் தள்ளினான். வெட்டவெளியிலிருந்து, பல வருஷம் பூட்டிக் கிடந்த அறையின் வாடை வந்தது.

ஏதோ ஜில்லென்று தோளை உரசி உள்ளே போனது...

அதன்பின் யாரும் தட்டவில்லை.

சனிக்கிழமை, கதவை விற்ற மரக்கடை குணா வீடு பார்க்க வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னா இம்மானுவேலு, கதவ திருப்பி மாட்டிக்கினு கீற?"

"தாழ்ப்பா உள்ளதானே வரும்?"

"இதுக்கு இல்லப்பா. நான்தான் கழட்னேன். ரூமுக்கு வெளிய இருந்த தாழ்ப்பா இது. துரையோட சம்சாரத்துக்கு புத்தி கலங்கிடுச்சின்னு உள்ள தள்ளி அடைச்சிட்டாங்களாம். கடேசி வரைக்கும் தொறக்கவே இல்லியாம்."

இம்மானுவேல் கதவடியில் பட்டி பூசிய இடத்தைப் பார்த்தான். அப்படியென்றால், தட்டியவள் வெளியே விடச் சொல்லித்தான் தட்டியிருக்கிறாள். கதவு திரும்பியிருந்ததால் அவளுக்கு 'வெளியே' என்பது இவன் வீட்டுக்குள். திறந்துவிட்டது இவன்.

போன் அடித்தது. சோனியா.

"நாளிக்கு வந்துடட்டா?"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் வீடே கட்டினான்.

"வேணாம்... இப்ப வராத."



"இன்னாய்யா... ஊட்ல வேற பொம்பள யாருனா கீறாளா?"

அவன் மெல்லத் திரும்பி வீட்டுக்குள் பார்த்தான்.