ஐந்து கிலோப் பை

அரிசி அடுக்குக்கும் மீன் வைத்திருக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவில் இரண்டடி இடம் இருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணியானால் அந்த இரண்டடியில் ரீத்தா லெஹ்தோ நிற்பார். கையில் கட்டம் போட்ட குறிப்பேடு. யாராவது இருபது கிலோ மூட்டையை இழுத்தால் இடப்பக்கம் ஒரு கோடு. ஐந்து கிலோப் பையை எடுத்தால் வலப்பக்கம் ஒரு கோடு. பன்னிரண்டு மணிக்குக் குறிப்பேட்டை மூடிவிட்டு, ஒரு கட்டு வல்லாரையும் இரண்டு மரக்கறி ரோல்ஸும் வாங்கிக்கொண்டு மார்க்ஸ் டோர்மோய் பக்கம் வீட்டுக்கு நடந்துவிடுவார். ஒன்பது வருடமாக இதுதான் நடக்கிறது.

பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் பகுதியில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருக்கும் அந்தக் கடை பொன்னம்பலத்தினுடையது. முதல் மாதம் முழுக்க அவர் ரீத்தாவை வரித்துறை ஆள் என்றே நினைத்திருந்தார். ரீத்தா நுழைந்ததும் தராசைத் துடைப்பார், விலைச்சீட்டுகளைப் புதிதாக எழுதிக் குத்துவார், வாசலில் கிடக்கும் வெற்றுப் பெட்டிகளை உள்ளே இழுப்பார். ஐந்தாவது சனிக்கிழமை பொறுமை போய்விட்டது.

"மதாம், உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் கொன்ட்ரோல்தானே?"

அவர் பிரெஞ்சில்தான் கேட்டார், பதற்றத்தில் பாதி தமிழாக வந்தது. ரீத்தா தன் வழக்கப்படி நேரம் எடுத்துக்கொண்டு தமிழிலேயே பதில் சொன்னார்.

"இல்லை அண்ணை. நான் பாங்கிலை வேலை."

"பாங்கோ? அது கொன்ட்ரோலை விட மோசமெல்லே!"

அன்றிலிருந்து அந்த இரண்டடியில் யாரும் பெட்டி அடுக்குவதில்லை.

ரீத்தாவுக்கு ஐம்பத்தேழு வயது. பின்லாந்துக்காரர். காதோடு ஒட்ட வெட்டிய நரைமுடி. மழைக்கும் வெயிலுக்கும் ஒரே பச்சைக் கோட்டு. முப்பத்துநான்கு வருடமாக மத்திய வங்கிகளில் பொருளாதார ஆய்வாளர். முதலில் ஹெல்சின்கி, பிறகு நீண்ட காலம் ஃபிராங்ஃபர்ட், இப்போது பல நாட்டு மத்திய வங்கிகள் சேர்ந்து பாரிஸில் நடத்தும் ஓர் ஆய்வுப் பிரிவு. அவருடைய வேலையைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், குடும்பங்கள் அடுத்த வருடத்தை நினைத்துப் பயப்படுகின்றனவா இல்லையா என்று கண்டுபிடிப்பது. பயந்தவர்கள் செலவைக் குறைப்பார்கள். செலவு குறைந்தால் கடைகள் படுக்கும். கடைகள் படுத்தால் வேலை போகும். வட்டியை ஏற்றலாமா இறக்கலாமா என்று முடிவு செய்கிறவர்களுக்கு அந்தப் பயம் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

அவரிடம் பேசுகிறவர்கள் முதலில் தடுமாறிப்போவது அவருடைய மௌனத்தில்தான். ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்குப் பத்து எண்ணும் நேரம் வேண்டும். வங்கியில் இதை அறிவுக்குறைவு என்று சிலர் எடுத்துக்கொண்டதுண்டு. லா ஷப்பெலில் இது வேறு விதமாக வேலை செய்தது. எதிரே ஒருவர் பேசாமல் நின்றால் யாழ்ப்பாணத்துப் பெண்களால் தாங்க முடியாது. அந்தப் பத்து நொடியை நிரப்ப மகளின் படிப்பு, வீட்டு வாடகை, கணவனின் முதலாளி என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். சொல்லி முடித்தபின், "அது வடிவாத் தெரியேல்லை, பாப்பம்," என்பார் ரீத்தா. அவர் அதிகம் பயன்படுத்தும் தமிழ் வாக்கியம் அது. விலைவாசி எப்போது குறையும் என்று கேட்டாலும் அதுதான் பதில், மழை விடுமா என்று கேட்டாலும் அதுதான்.

"முப்பது வருசம் பாங்கிலை படிச்சு இதைத்தான் பிடிச்சவவோ!" என்று பொன்னம்பலம் சிரிப்பார்.

தமிழ் அவருக்கு வந்தது புத்தகத்தால் அல்ல. காலை ஆறரை மணிக்கு அலுவலகத்துக்கு வரும் பழக்கம் அவருக்கு. அந்த நேரத்தில் அந்த மாடியில் இன்னும் ஒருவர்தான் இருப்பார்: புறநகரான செவ்ரானிலிருந்து முதல் ரயிலில் வந்து துப்புரவு செய்யும் கோசலை. ரீத்தா கற்ற முதல் தமிழ், "காலைத் தூக்குங்கோ". மேசைக்கு அடியில் துடைப்பம் வரும்போதெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகியது. இரண்டாவது, "இப்ப விடுங்கோ". மூன்றாம் வருடம் இருவரும் ஆறரையிலிருந்து ஏழு வரை கதைத்துக்கொண்டிருந்தார்கள். பொன்னம்பலத்தின் கடைக்கு அவருக்கு வழி சொன்னவரும் கோசலைதான்.

பை எண்ணும் யோசனை அவருக்குப் பிறந்தது இங்கே அல்ல. ஹெல்சின்கியில் மத்திய வங்கியில் சேர்ந்த முதல் வருடம், இருபத்துமூன்று வயதில், குடும்பங்களின் செலவு நன்றாகவே இருக்கிறது என்று காட்டும் ஒரு வரைபடம் போட்டார். பாராட்டினார்கள். அந்த வாரமே வீட்டுக்குப் போனபோது அம்மா காப்பித்தூளை அரைக்கிலோப் பொதியாக வாங்காமல் கால் கிலோவாக வாங்கியிருந்ததைப் பார்த்தார். கால் கிலோ விலை கூட. கணக்குப் பார்க்கிற பெண் எவளும் அதை வாங்கமாட்டாள். வயதாகிவிட்டது, குறைவாகக் குடிக்கிறார்கள் என்று மகள் நினைத்தாள். கேட்கவில்லை. அப்பா வேலை பார்த்த பலகை ஆலையில் ஆட்களை நிறுத்தப்போகிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. நாளைக்குக் கையில் என்ன இருக்கும் என்று தெரியாதவர்கள் இன்றைக்குப் பெரிய பொதி வாங்குவதில்லை. அந்த இலையுதிர்காலம் ஆலை மூடியது. வரைபடம் போட்ட பொருளாதார அறிஞருக்குத் தன் வீட்டிலேயே அது தெரியாமல் போயிற்று.

அதனால்தான் கோடுகள். பொன்னம்பலத்தின் கடையில் எட்டு வருடமாக ஒரு சின்னப் பைக்கு இரண்டு பெரிய மூட்டை போய்க்கொண்டிருந்தது. சென்ற ஒக்டோபரிலிருந்து அது தலைகீழாகிவிட்டது. விலை மாறவில்லை. ரீத்தா வேறு நான்கு கடைகளில் கேட்டார். அங்கும் அதே கதை. சமையலறையிலும் துப்புரவிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, வேலையில்லாதோர் எண்ணிக்கை அதைக் காட்டும்போது காலம் கடந்திருக்கும் என்று ஆண்டறிக்கையில் ஒரு பத்தி எழுதினார்.

அந்தப் பத்திதான் வினை. அறிக்கையின் மற்றப் பக்கங்கள் எல்லாம் செலவு உறுதியாக இருக்கிறது, கவலை வேண்டாம் என்று சொல்கின்றன. பிரிவின் தலைவர் அர்னோ அதை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டுக் கையொப்பமிட்டால், ஃபிராங்ஃபர்ட்டில் காலியாக இருக்கும் இயக்குநர் பதவிக்கு ரீத்தாவின் பெயர் போகும். இரண்டு முறை கைதவறிப்போன பதவி, இது மூன்றாவது முறை. அவருடைய வயதில் நான்காவது முறை என்று ஒன்று கிடையாது. கையொப்பமிடாவிட்டால் 'ஓர் ஆசிரியர் மாறுபடுகிறார்' என்ற குறிப்போடு அறிக்கை வெளியாகும். பதவிக்குப் போகும் பெயர், அதே பிரிவில் வேலை பார்க்கும் இசபெலுடையதாகிவிடும்.

"அப்படியென்றால் வந்து பாருங்கள்," என்றார் ரீத்தா. அர்னோ நல்ல மனிதர். சனிக்கிழமையாக இருந்தும் வந்தார்.

கருவாட்டு வாசனைக்கு மூக்கைச் சுருக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பொன்னம்பலம் கவனித்து, ஒரு தேநீர் கொடுத்தார். அரைமணி நேரத்தில் வலப்பக்கம் ஒன்பது கோடு, இடப்பக்கம் மூன்று.

"இந்த ரயிலில் இருபது கிலோவை யார் தூக்கிக்கொண்டு போவார்?" என்றார் அர்னோ. "முதுகுவலியாக இருக்கலாம். வயதாகியிருக்கலாம். இது ஒரு கடை, ரீத்தா."

அப்போதுதான் கோசலை தள்ளுவண்டிப் பையை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். ரீத்தாவைப் பார்த்து முகம் மலர்ந்தவர், பக்கத்தில் நின்றவரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"உவர் மூண்டாம் மாடியெல்லே? மேசையிலை தோடம்பழத் தோலைப் போட்டுட்டுப் போற ஆள்."

அர்னோ கண்ணியமாகப் புன்னகைத்து, "வணக்கம், மதாம்," என்றார். எட்டு வருடமாகத் தன் அறைக் குப்பைத்தொட்டியை வெறுமையாக்கும் பெண் இவர்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. கோசலை ஐந்து கிலோப் பை ஒன்றை எடுத்தார்.

"ஏன் சின்னப் பை என்று அவரிடம் கேளுங்கள்," என்றார் அர்னோ.

ரீத்தாவுக்குப் பதில் தெரியும். ஒக்டோபரில் துப்புரவு நிறுவனம் கோசலையின் வேலை நேரத்தைப் பாதியாக வெட்டியது. ஒரு விடியற்காலையில் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் அதைச் சொல்லியிருந்தார்: "வீட்டிலை என்ரை மனுசருக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, அக்கா." அந்த ஒரு வாக்கியத்தை இப்போது பிரெஞ்சில் சொன்னால் போதும். அறிக்கையில் பத்தி நின்றுவிடும், ஒருவேளை பதவியும் கிடைத்துவிடும்.

ரீத்தா தமிழில் கேள்வியை மட்டும் கேட்டார்.

கோசலை அர்னோவின் சப்பாத்தைப் பார்த்தார். கடையைப் பார்த்தார். பொன்னம்பலமும், மரக்கறி பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நாரி நோகுது எண்டு சொல்லுங்கோ. இருவது கிலோ தூக்கேலாது."

"இடுப்புவலி என்கிறார்," என்று ரீத்தா சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

அர்னோ கையை விரித்தார். வெற்றிக்களிப்பு இல்லை, கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

அடுக்குப் பக்கத்தில் அஜந்தா என்ற இளம்பெண் எட்டுமாத வயிற்றோடு ஓர் இருபது கிலோ மூட்டையின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வெளியே கணவன் கஜன் காரை நிறுத்த இடமில்லாமல் ஹோன் அடித்துக்கொண்டிருந்தான்.

"விடும் பிள்ளை, விடும்! இந்த வயித்தோடை விசரே உமக்கு?"

கோசலை தன் பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டே எட்டில் போனார். மூட்டையின் இரண்டு முனையையும் பிடித்தார், ஒரே தூக்கில் இடுப்பில் ஏற்றினார், கதவைக் காலால் தள்ளித் திறந்து காரின் பின்பக்கத்தில் போட்டார். பால் சட்டியை இறக்கி வைத்தவர் போல் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கடை முழுக்கத் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும்தான் நினைவு வந்தது. கை மெதுவாக இடுப்புக்குப் போயிற்று.

"கோசலை," என்றார் பொன்னம்பலம், "நாரி?"

"இப்ப சுகம், அண்ணை."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். கோசலையும் சிரித்தார், கண்ணை மட்டும் கீழே வைத்துக்கொண்டு. ஐந்து கிலோப் பையைத் தள்ளுவண்டியில் வைத்து, பணத்தைக் கொடுத்து, "போட்டு வாறன், அக்கா," என்று வெளியேறினார்.

அர்னோவுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. கண் இருந்தது, பார்த்துவிட்டார். தேநீர்க் கோப்பையைக் கல்லாவின் மேல் வைத்தார்.

"இருந்தாலும் ஒரே ஒரு பெண்தானே," என்றார் பிறகு. முன்னிருந்த உறுதி குரலில் இல்லை. "பின்னிணைப்பில் போட்டுவிடுவோம். யாரும் படிக்கமாட்டார்கள், யாருக்கும் கோபமும் வராது. நீங்கள் ஃபிராங்ஃபர்ட் போகலாம். திங்கள் காலை அச்சுக்குப் போகிறது, ரீத்தா."

அர்னோ தன் கோட்டின் உள்ளிருந்து அறிக்கையின் கடைசித் தாளை எடுத்துக் குளிர்பெட்டியின் மூடியில் விரித்தார். தன் பேனாவைத் திறந்து அதன்மேல் வைத்தார்.

ரீத்தா பத்து எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டார். இந்த முறை அதை யாரும் நிரப்பவில்லை. பிறகு ரீத்தா பேனாவை எடுத்தார், மூடியைத் திருகி மூடினார், அர்னோவின் சட்டைப்பையில் செருகினார். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் செய்வதுபோல் பையின் மடிப்பை ஒருமுறை உள்ளங்கையால் நீவிவிட்டார்.